நாற்பது அடி-இறாத்தல்

அப்பாவின் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காருக்குரிய கைநூல் இன்னமும் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது, நடுப்பக்கங்கள் எண்ணெய்க் கறை படிந்தவை. சிலிண்டர் ஹெட்டின் ஒன்பது நட்டுகளையும் எவ்வளவுக்கு இறுக்க வேண்டும் என்று கூறும் வரியின் கீழே அப்பா பென்சிலாற் கோடிட்டிருக்கிறார். 40 அடி-இறாத்தல். ஓரடி நீளமான சாவியின் நுனியிலே நாற்பது இறாத்தல், அதாவது ஏறத்தாழ 18 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்குவிசை அது. கோடிட்டவரிடம் அதனை அளக்கும் கருவி இருக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த எந்தக் கராஜிலும் இருக்கவில்லை.

டோர்க் ரென்ச் என்னும் அக்கருவி, நாம் எண்ணுவது போல அவ்வளவு பழையதன்று. திருகாணிப் புரிகள் யாவும் ஒரே ஒழுங்கில் அமைய வேண்டுமென்று ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த் முன்மொழிந்தது 1841இல். எந்தப் பட்டறையிற் செய்த நட்டும் எந்த ஊர்ப் போல்ற்றிலும் பொருந்தும் காலம் அதன்பின் மெல்ல மெல்ல வந்தது. ஆனால், எவ்வளவு இறுக்குவது என்ற கேள்விக்கான விடை மேலும் பல பத்தாண்டுகள் தொழிலாளியின் மணிக்கட்டிலேயே தங்கியிருந்தது.

அந்த விடையை மணிக்கட்டிலிருந்து பிரித்தெடுக்க முயன்றவர்களுள் ஒருவர், நியூயோர்க் நகர நீர்வழங்கல் திணைக்களத்திற் பணியாற்றிய கொன்றாட் பார் என்பவர். நிலத்தின் கீழே செல்லும் நீர்க்குழாய்களையும் நீராவிக் குழாய்களையும் பொருத்தும் போல்ற்றுகளைத் தொழிலாளர் அளவுக்கு மீறி இறுக்கிவிடுவதே அவருக்குத் தலையிடி. 1918ஆம் ஆண்டளவில் அவர் இதற்கொரு கருவியை அமைத்தார் என்பது பரவலாகக் கூறப்படும் வரலாறு. கார்கள் பின்னரே இக்கதைக்குள் வருகின்றன. 1930களில் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் இத்தகைய கருவியில் அக்கறை காட்டியது. அதன் அனுமதியுடன் போல் ஸ்ரேட்டிவன்ற் என்பவர் வளையும் கோலும் முள்ளும் கொண்ட எளிய வகையைத் தயாரித்து விற்றார். குழாய் கசிந்தால் வீதிதான் நனையும். எஞ்சின் ஹெட் கசிந்தால் வாகனமே நின்றுவிடும். கார்த் தொழிற்சாலைகள் இக்கருவியை விரும்பியதில் வியப்பில்லை.

இறுக்கிய போல்ற் உண்மையில் விறைப்பானதொரு வில்லுச்சுருள். அது மயிரிழையளவு நீண்டு, பழைய நிலைக்குத் திரும்ப முயலும்போது பொருள்களை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலே போய்விடும். மேலும் நாற்பது வீதமளவு புரிகளின் உராய்விலே கரையும். போல்ற்றை நீட்டுவதற்கு எஞ்சுவது பத்து வீதமளவே. எனவே துருப்பிடித்த புரியிற் காட்டும் நாற்பதும் எண்ணெய் பூசிய புரியிற் காட்டும் நாற்பதும் ஒன்றல்ல. கைநூல் எந்த நிலையைக் கூறுகிறதோ அந்த நிலையிற் புரியைச் சுத்தமாக வைத்திராவிட்டால், விலையுயர்ந்த கருவியும் பொய்யே சொல்லும்.

இவையெல்லாம் எனக்குத் தெரியாதிருந்த காலத்தைப் பற்றியும் எழுத வேண்டும்.

1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. பெற்றோல் போத்தற் கணக்கில் விற்கப்பட்டது. பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பார்கள். சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் ஆகையால் அதனைச் சகித்துக்கொண்டன என்றாலும் ஒக்ரேன் குறைந்த எரிபொருளின் 'நொக்கிங்' சத்தம் ஒழுங்கை முனையிலேயே கேட்கும். அந்த அதிர்வு முழுவதையும் தாங்குவது ஹெட் காஸ்கெட்.

நான் அப்போது கலைப்பீட மாணவன். 1993இல் எங்கள் காரின் ஹெட்டின் ஓரத்திலே மெல்லிய கசிவொன்றைக் கண்டேன். அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, ஓரடிச் சாவியின் முனையில் இரண்டடிக் குழாயொன்றைச் செருகி ஒன்பது நட்டுகளையும் இறுக்கினேன். நெம்பின் நீளம் இரு மடங்குக்கும் மேலாயிற்று. கைப்பலமோ அதே பலம். ஏழாவது நட்டு திடீரென இளகியது போலத் தோன்றியது. இறுகிவிட்டது என்றே எண்ணிக்கொண்டேன். ஸ்ரட் நீண்டுவிட்டது என்பது மூன்றாம் நாள் கோண்டாவிற் சந்தியிற் காஸ்கெட் வெடித்தபோதுதான் தெரிந்தது.

வந்து பார்த்த மெக்கானிக் அண்ணை ஏசவில்லை. "தம்பி, இறுக்கேக்கை கை ஒரு இடத்திலை 'காணும்' எண்டு சொல்லும். குழாய் போட்டால் அது கேக்காது" என்று மட்டும் சொன்னார். அவருடைய கை முப்பது வருடங்கள் பழகிய கை. ஆனால் அவரிடமும் புதிய காஸ்கெட் இல்லை. கார் நான்கு மாதங்கள் முற்றத்திலே நின்றது. அப்பா சைக்கிளில் வேலைக்குப் போனார். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, தொய்வு வருத்தக்காரர். படலையடியில் இறங்கி, மூச்சு வாங்கும்வரை சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். குழாய் போட்ட விடயத்தை அவர் ஒருபோதும் என்னிடம் கேட்கவில்லை. கைநூலிலே பென்சிற் கோட்டைக் கண்டது அவர் காலமான பின்னர்தான்.

சென்ற ஆண்டு அந்தக் காரின் ஹெட்டை நானே மாற்றுவதென்று தீர்மானித்துக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். நான் தேடியது கோலும் முள்ளும் கொண்ட வகை. களைத்துப்போகக்கூடிய வில்லுச்சுருள் அதில் இல்லை; முள் பூச்சியத்தில் நின்றால் பெரும்பாலும் போதும். வீட்டுப் பாவனைக்கு அதுவே சிறந்ததென்பது இன்றும் என் கருத்து. நான் ஏறி இறங்கிய கடைகளில் அது இருக்கவில்லை. 'கிளிக்' என்று ஒலியெழுப்பும் வகையில், அரை அங்குலச் சதுர முனையுடன், 28 முதல் 210 நியூற்றன் மீற்றர் வரை அளக்கும் ஒன்றை வாங்கினேன். இவ்வகைக் கருவிகளை அவற்றின் உச்ச அளவில் ஐந்திலொரு பங்குக்குக் கீழே நம்பக்கூடாது. நாற்பது அடி-இறாத்தல் என்பது 54 நியூற்றன் மீற்றர். ஆகவே எல்லைக்குள் வருகிறது. மகனுடைய டொயோட்டாவின் சக்கர நட்டுகளுக்குரிய 103உம் அவ்வாறே. ஸ்பார்க் பிளக்குக்கு இது ஆகாது. அதற்குச் சிறியதொன்று வேண்டும்.

கடைக்காரர் சொல்லாத விடயங்கள் சில உண்டு. இதனால் எதையும் கழற்றக்கூடாது. 'கிளிக்' கேட்டதும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக மறுபடி இழுப்பது எனது பழைய குழாய்க்குச் சமம். வேலை முடிந்தபின் அளவை மிகக் குறைந்த குறிக்குத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கும் கீழே தளர்த்தக்கூடாது. சர்வதேச நியமத்தின்படி, உரிமையாளர் வேறு ஒழுங்கு வகுத்திராவிட்டால், ஆண்டுக்கொரு முறை அல்லது ஐயாயிரம் பாவனைக்கொரு முறை அளவு சரிபார்க்கப்பட வேண்டும்.

வீட்டிலே சரிபார்க்க நான் கண்ட வழி, சந்திப் பலசரக்குக் கடையின் முத்திரையிட்ட இரும்புப் படிகள். சதுர முனையை வைஸிற் பிடித்து, சாவியைக் கிடையாக வைத்து, முனையின் மையத்திலிருந்து 44 சென்ரிமீற்றர் தூரத்திற் கைபிடியில் 12 கிலோவைத் தொங்கவிட்டேன். அது ஏறத்தாழ 52 நியூற்றன் மீற்றர். சாவியின் சொந்த எடை மேலும் இரண்டு. அளவு 54இல். மெதுவாகக் கையை எடுத்தேன். 'கிளிக்'. ஒரு கிலோவைக் குறைத்துப் பார்த்தேன், சத்தமில்லை.

மறுநாட் காலை புதிய காஸ்கெட்டை வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக, முதலில் 25, பின்னர் 40, இறுதியாக 54 என்று மூன்று சுற்றில் இறுக்கினேன். ஏழாவது நட்டின் ஸ்ரட் புதியது. எஞ்சினைச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடியும் ஒரு சுற்று. அதன்பின்னர் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும், 0.012 அங்குலம். கைநூலின் அடுத்த பக்கத்தில் அந்த எண்ணின் கீழும் பென்சிற் கோடு இருந்தது.