'நாங்க பாத்துக்கிறோம்': மறதிநோயின் வரலாற்றில் விடுபட்ட ஒருவர்

'வயசானா அப்படித்தான்' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது நம் வழக்கம். யாழ்ப்பாணத்தில் 'அறளை பேந்திட்டுது' என்பார்கள். இந்தப் பக்கம் 'பெரிசுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு'. இந்தச் சொற்களில் நோய் இல்லை. கூடவே இருந்து குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரி கதவைத் திறந்துகொண்டு போகாமல் பார்த்துக்கொள்கிறவரும் இல்லை. மருத்துவம் நோய்க்குப் பெயர் தந்துவிட்டது. அந்த இன்னொருவரை எப்போது கண்டுகொண்டது?

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல விடுதிக்கு ஐம்பத்தோரு வயது அகஸ்டே டேட்டரை அவருடைய கணவர் அழைத்துவந்தார். ரயில்வே அலுவலகக் குமாஸ்தா. மறதி, சந்தேகம், காரணமற்ற பயம் என்று பல மாதங்கள் வீட்டில் சமாளித்துப் பார்த்துவிட்டு வந்தவர். டாக்டர் அலாய்ஸ் அல்ஜீமர் அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் எழுதிவைத்தார். கணவர் பெயரைக் கேட்டபோது அவர் தன் பெயரையே சொன்னதும் அதில் இருக்கிறது. 1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்தார். மூளையைச் சோதித்த அல்ஜீமர் அதே நவம்பரில் டூபிங்கன் கூட்டத்தில் தன் முடிவுகளை வாசித்தார். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. 1910இல் கிரேபெலின் தன் பாடநூலில் 'அல்ஜீமர் நோய்' என்று பெயரிட்டார். காணாமல் போயிருந்த அந்த நோயாளிக் கோப்பு 1995இல் திரும்பக் கிடைத்தது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் இப்படி ஒரு ஆவணம் உண்டு. வீட்டில் கழிந்த மாதங்களுக்கு?

அந்தப் பெயரும் நடுவயதினருக்கே என்று ஒதுக்கப்பட்டது. கிழவர்களின் மறதி வெறும் 'மூப்பு' என்றே கிடந்தது. இரண்டும் ஒரே நோய்தான் என்று 1976இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் வாதிட்டார். அதன்பின் அபூர்வ நோய் பெருநோயாயிற்று. 1979இல் பிரிட்டனில் சங்கம் பிறந்தது, 1984இல் உலக அமைப்பு. இவற்றின் உந்துசக்தி குடும்பத்தினர். 1981இல் மேஸும் ராபின்ஸும் பராமரிப்பவர்களுக்காக எழுதிய கையேட்டின் தலைப்பே அவர்களுடைய நாளுக்கு முப்பத்தாறு மணிநேரம் என்றது. கூட இருப்பவரின் நேரம் முதன்முறையாக எண்ணிக்கைக்கு வந்தது.

இங்கே கதை வேறு. கேரளத்தில் 1992இல் அல்ஜீமர் சங்கம் தொடங்கியது. திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் அறுபது தாண்டிய 750 பேரிடம் நடந்த ஆய்வு, 3.5 சதவீதத்தினருக்கு மறதிநோய் என்று 1997இல் சொன்னது. கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தில் இதெல்லாம் கிடையாது என்ற நினைப்புக்கு அது பதில். காசியில் களப்பணி செய்த மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் 1998இல் வெளியிட்ட நூலில், முதுமையின் தடுமாற்றம் இங்கே மூளையின் கதையாகப் பேசப்படுவதைவிடச் சிதைந்த குடும்பத்தின் கதையாகவே பேசப்படுகிறது என்று காட்டினார். பெரியவர் தடுமாறினால் ஊர் மருமகளைத்தான் பார்க்கும்: 'சரியா கவனிக்கல போல.' ஆகவே குடும்பம் மறைக்கும்.

அரசும் அந்த ஊரோடு சேர்ந்துகொண்டது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், கைவிடுகிறவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்கிறது. கைவிடாமல் வைத்துப் பார்க்கிறவருக்கு ஒருநாள் ஓய்வு தர அதில் வழியில்லை. கடமையைக் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டு, குடும்பத்துக்குள் அது யார் தலையில் விழுகிறது என்று கேட்காமல் இருப்பதும் ஒரு அரசியல்தான்.

எங்கள் ஆச்சி கடைசி நான்கு வருஷம் அம்மாவைப் பார்த்து, 'நீ யாரு புள்ள? எப்ப உங்க வீட்டுக்குப் போவ?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 'வேலை முடிஞ்சதும் போயிருதேன் அத்தை' என்பார் அம்மா. விசாரிக்க வருகிறவர்களிடம் அப்பா, 'நாங்க பாத்துக்கிறோம்' என்பார். அந்தப் பன்மைக்குள் இருந்தது ஒரே ஒரு ஆள்.

2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு ஒன்றின் மதிப்பீட்டில் இந்தியாவில் 88 லட்சம் பேருக்கு மறதிநோய். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் இப்படி ஒரு பன்மை இருக்கும். செய்ய முடியாதது எதுவுமில்லை. கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுதேடிப் போய் நோயைப் பற்றிச் சொல்லி, வழிகாட்டினார்கள். பராமரிப்பவர்களின் மனச்சுமை குறைந்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வாசல்படி ஏறியிருக்கிறது. ஏறியவர்கள் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவரிடம் 'நீங்க ராத்திரி தூங்குறீங்களாம்மா?' என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைப் பதிவேட்டில் ஒரு கட்டமாகச் சேர்க்கச் சொல்வதிலிருந்து நம் கோரிக்கை தொடங்கட்டும். அடுத்தது, மாற்று ஆளும் கூலியும்.