ஆடுகளைப் பட்டாளத்துக்கு அனுப்புங்கள்

ராபர்ட் கிப் என்கிற ஸ்காட்லாந்து ஓவியர் 1881-இல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. கட்டம் போட்ட கில்ட், சிவப்புச் சட்டை, தலையில் பறவை இறகுத் தொப்பி என்று சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். துப்பாக்கி முனையில் கத்தி. எதிரே ரஷ்யக் குதிரைகள் சரிந்து கிடக்கின்றன. படத்தின் பெயர் 'மெல்லிய சிவப்புக் கோடு'. கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று, பாலக்லாவாவில் 93-ஆவது சதர்லண்ட் ஹைலாண்டர்ஸ் ரெஜிமெண்ட் இரண்டே வரிசையாக நின்று குதிரைப்படையைத் திருப்பி அனுப்பிய காட்சி அது. பத்திரிகைக்காரர் ரஸ்ஸல் எழுதிய செய்தியிலிருந்து கிளம்பிய பெயர், ஏகாதிபத்தியத்தின் பெருமைச் சொல்லாக நிலைத்துவிட்டது.

அதே கிரிமியப் போர்க் காலம். இந்த ரெஜிமெண்டுக்குப் பெயர் கொடுத்த சதர்லண்ட் சீமையில் இன்னொரு காட்சி. அதை எவனும் படமாக வரையவில்லை. ஆள் சேர்க்கிறவர்கள் போனார்கள். யாரும் பெயர் கொடுக்கவில்லை. கடைசியில் டியூக்கே நேரில் வந்தார். ஜனங்களைக் கூட்டி, மேசை மேல் பணத்தை வைத்து, ராணிக்காகச் சண்டை போட வாருங்கள் என்றார். ஒருத்தரும் அசையவில்லை. ஏன் இந்த மௌனம் என்று கேட்டதற்கு ஒரு கிழவர் எழுந்து பதில் சொன்னாராம். எங்கள் நிலத்தைப் பிடுங்கி ஆட்டுக்கும் மானுக்கும் விட்டீர்கள், ரஷ்யாக்காரன் வந்து உங்கள் மாளிகையில் உட்கார்ந்தாலும் இதைவிட மோசமாக எங்களை நடத்த முடியாது, இப்போது சண்டைக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த ஆடுகளையே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்பது அந்தப் பதிலின் சாரம். இதை எழுதி வைத்தவர் டொனால்ட் மக்லியோட் என்கிற கல்தச்சர். அவரும் நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்தான்.

ஒரே போர், ஒரே சீமை. ஒன்று ஓவியமாகி மாட்டப்பட்டது. மற்றது ஒரு கல்தச்சரின் எழுத்தில் தங்கிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் 93-ஆவது ரெஜிமெண்டின் வரலாறு நமக்குப் புரியும்.

*

ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கிறது சதர்லண்ட். மலையும் பள்ளத்தாக்குமான பூமி. கேலிக் பேசுகிற ஜனம். கொஞ்சம் மாடு, கொஞ்சம் ஓட்ஸ், கல்லும் புல்கரணையும் வைத்துக் கட்டிய வீடு. உழுகிறவனுக்குப் பட்டா கிடையாது. பத்து லட்சம் ஏக்கர் அளவுக்கு விரிந்து கிடந்த நிலம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. அதன் வாரிசு சீமாட்டி எலிசபெத். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால் பண்ணையம்மா.

1799-இல் பிரெஞ்சுக்காரனோடு யுத்தம். சீமாட்டியின் உறவினர் ஜெனரல் வெமிஸ் அவர் பேரில் ஒரு ரெஜிமெண்ட் திரட்டக் கிளம்பினார். அதுதான் 93. குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்து, எந்த வீட்டில் எத்தனை ஆண் பிள்ளை என்று எழுதிக்கொண்டார்கள். மகனைப் பட்டாளத்துக்குக் கொடுத்தால் நிலத்தில் இருக்கலாம் என்பது வாக்கு. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆள் சேர்வது மந்தமானபோது சீமாட்டி எழுதிய கடிதத்தில், இப்படி மறுக்கிறவர்களால் சதர்லண்டுக்குப் பெருமை இல்லை, ஆட்டை விட மேலாக இவர்களை மதிக்கத் தேவையில்லை என்கிற தொனி இருக்கிறது. ஆட்டோடு மனுசனை எடை போடுவது அப்போதே தொடங்கிவிட்டது.

பையன்கள் போனார்கள். ஒழுக்கத்துக்குப் பேர் போன ரெஜிமெண்ட் என்று ராணுவக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1806 ஜனவரி 8-இல் தென்னாப்பிரிக்காவில் புளோபெர்க் சண்டையில் நின்று, டச்சுக்காரர்களிடமிருந்து கேப் குடியேற்றத்தைப் பிரிட்டனுக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். 1814 வரை அங்கேயே இருந்தார்கள். தங்களுக்குள்ளேயே ஒரு சபை அமைத்துச் சாதாரணச் சிப்பாய்களிலிருந்து மூப்பர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த வீடுகளுக்கு என்ன ஆச்சு?

*

சீமாட்டியின் கணவர் ஸ்டாஃபோர்ட் பிரபு இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. குடியானவன் கொடுக்கிற குத்தகையை விட, செவியட் ஆடு வளர்க்கிற முதலாளி கொடுக்கிற குத்தகை பல மடங்கு. ஆகவே குடியானவனைக் கிளப்பிக் கடற்கரையில் கொண்டுபோய் விடு, அவன் மீன் பிடிக்கட்டும், பாசி எரிக்கட்டும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அபிவிருத்தி'. இந்த வார்த்தையை நாமும் கேட்டிருக்கிறோம்.

1813-இல் கில்டோனன் பள்ளத்தாக்கு ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்களை அடக்க ராணுவம் வந்தது. மகன்களை ராணுவத்துக்குக் கொடுத்த சீமைக்குள் ராணுவம்! அங்கிருந்து ஒரு பகுதியினர் கப்பலேறிக் கனடாவின் ரெட் ரிவர் பகுதிக்குப் போனார்கள்.

1814 ஸ்ட்ராத்னேவர். கேலிக்கில் அந்த வருஷத்துக்கு 'எரிப்பு வருஷம்' என்றே பெயர். பண்ணையின் காரியக்காரன் பேட்ரிக் செல்லர் ஆட்களோடு வந்து வீடுகளைக் காலி செய்ய வைத்தான். திரும்பி வந்து குடியேறிவிடக் கூடாது என்று கூரை மரங்களுக்குத் தீ வைத்தார்கள். மரம் அரிதான ஊரில் கூரை உத்திரம் என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. படுக்கையில் கிடந்த, கிட்டத்தட்ட நூறு வயதான மார்கரெட் மக்கே என்கிற கிழவி எரிகிற வீட்டிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவரப்பட்டு, சில நாளில் செத்துப் போனார். வழக்கு நடந்தது. 1816 ஏப்ரலில் இன்வர்னஸ் நீதிமன்றத்தில் செல்லர் குற்றமற்றவன் என்று விடுதலை. ஜூரிகள் யார்? பெரும்பாலும் நிலக்காரர்களும் வசதிக்காரர்களும். காலி செய்யப்பட்ட நிலத்தில் ஆட்டுப்பண்ணை குத்தகை யாருக்கு? அதே செல்லருக்கு. இந்தச் செல்லர் கேலிக் ஜனங்களை நாகரிகம் எட்டாத ஆதிக்குடிகள் என்று அமெரிக்கப் பூர்வகுடிகளோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறான். நிலத்தைப் பிடுங்குவதற்கு முன்னால் அவனை மனுசன் இல்லை என்று எழுதிவிட வேண்டும். எங்கேயும் இதுதான் வழக்கம்.

எரிப்பு வருஷம் முடிந்து சில மாதம்கூட ஆகவில்லை. 1815 ஜனவரி 8. கேப்பில் சண்டை போட்ட அதே தேதி, ஒன்பது வருஷம் கழித்து. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 93-ஆவது ரெஜிமெண்ட் திறந்த வெளியில் குறுக்கே நடத்தப்பட்டு, பாதியில் நிறுத்தப்பட்டது. தளபதி ராபர்ட் டேல் செத்து விழுந்தார். முன்னேறு என்றும் உத்தரவில்லை, பின்வாங்கு என்றும் உத்தரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று குண்டு வாங்கினார்கள். செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஐந்நூறுக்கு மேல். சமாதான ஒப்பந்தமோ 1814 டிசம்பர் 24-லேயே கெண்ட் நகரில் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கடல் தாண்டி வந்து சேரவில்லை.

அசையாமல் நின்றதைத்தான் ரெஜிமெண்ட் சரித்திரம் வீரம் என்று எழுதுகிறது. அந்த நேரத்தில் அவர்களுடைய பள்ளத்தாக்குகளில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. 1819-இல் மறுபடியும் ஸ்ட்ராத்னேவரில் தீ வைத்தார்கள். ஸ்டாஃபோர்ட் பிரபு 1833-இல் டியூக் ஆனார், அந்த வருஷமே செத்தும் போனார். கோல்ஸ்பி ஊருக்கு மேலே மலையுச்சியில் அவருக்கு நூறடி உயரத்தில் சிலை வைத்தார்கள். எரிந்த ராசல் கிராமத்தின் கல் அடித்தளங்கள் ஸ்ட்ராத்னேவரில் கிடக்கின்றன. அதே பள்ளத்தாக்கில், 93-ஆவது ரெஜிமெண்ட் முதன்முதலில் கூடிய இடத்தில் ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது. இந்த ராசலில் பிறந்தவர்தான் முன்னே சொன்ன கல்தச்சர் மக்லியோட்.

*

இதுவரை படிக்கிறவருக்கு இந்தச் சிப்பாய்கள் மேல் இரக்கம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கதை இங்கே முடியவில்லை.

1857-இல் சீனாவுக்குப் புறப்பட்ட ரெஜிமெண்டைக் கல்கத்தாவுக்குத் திருப்பினார்கள். சதர்லண்டில் ஆள் கிடைக்காமல் போய், வேறு ஊர்க்காரர்களும் நிறையக் கலந்திருந்த காலம். தலைமைத் தளபதி கொலின் கேம்ப்பெல், கிளாஸ்கோவில் ஒரு தச்சரின் மகன். நவம்பர் 16 அன்று லக்னோவில் சிக்கந்தர் பாக். உயர்ந்த மதில் சூழ்ந்த தோட்டம். பீரங்கியால் சுவரில் ஓட்டை போட்டு 93-ஆவது ரெஜிமெண்டும் பஞ்சாப் காலாட்படையும் உள்ளே புகுந்தார்கள். உள்ளே இருந்த கிளர்ச்சிச் சிப்பாய்கள் கிட்டத்தட்ட 2000 பேர் கொல்லப்பட்டார்கள். தப்பிக்க வழியில்லை. அடுத்த வருஷம் பெலிஸ் பியாட்டோ எடுத்த புகைப்படத்தில் அந்தத் தோட்டத்தின் முன்னால் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. அந்த ஒரு நாளுக்காக 93-இல் ஆறு பேருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது.

அந்தத் தோட்டத்தில் ஓர் அரச மரம். அதன் அடியில் தண்ணீர் குடிக்கப் போன சிப்பாய்கள் பலர் செத்துக் கிடந்தார்கள். குண்டு மேலிருந்து பாய்ந்திருப்பதை ஓர் அதிகாரி கவனித்தார். வாலஸ் என்கிற 93-ஆவது ரெஜிமெண்ட் சிப்பாய் இலை மறைவைக் குறி பார்த்துச் சுட்டான். விழுந்தது ஒரு பெண். இடுப்பில் துப்பாக்கி, பையில் மிச்சத் தோட்டா. பெண் என்று தெரிந்ததும் வாலஸ் அழுதான் என்று அதே ரெஜிமெண்டின் ஃபோர்ப்ஸ் மிட்செல் 1893-இல் வந்த தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அழுதவன் பெயர் நூலில் இருக்கிறது. செத்தவள் பெயர் இல்லை.

பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் பாசி மக்கள். உத்தரப் பிரதேசத்துத் தலித் சாதி. அவள் பெயர் உதா தேவி, பேகம் ஹஸ்ரத் மஹலின் பெண்கள் படையில் இருந்தவள், சின்ஹட் சண்டையில் புருஷன் மக்கா பாசியைப் பறிகொடுத்தவள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வாய்மொழிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். ஸ்ட்ராத்னேவரில் எரிந்ததையும் முதலில் வாய்தான் சொன்னது. நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொன்னது.

நிலம் பிடுங்கப்பட்டவர்களின் பெயரில் திரட்டிய பட்டாளம், நிலமே இல்லாத சாதியில் பிறந்தவளைச் சுட்டு வீழ்த்தியது. ஒடுக்கப்பட்டவன் ஒடுக்கப்பட்டவனைத் தானாக அடையாளம் கண்டுகொள்வான் என்று நாம் மேடையில் பேசுகிறோம். அப்படி நடப்பதில்லை. அந்த அடையாளத்தை யாராவது கட்ட வேண்டியிருக்கிறது. வாலஸின் கண்ணீர் உண்மையாக இருக்கலாம். அது மரத்திலிருந்து விழுந்தவளுக்குப் பயன்படவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஹைலாண்டர்கள் தீண்டப்படாதவர்கள் அல்ல. இந்தியாவில் இறங்கிய நிமிஷமே வெள்ளைக்காரத் துரை. ரெட் ரிவருக்கு ஓடிய கில்டோனன் அகதிகளும் இன்னொரு ஜனத்தின் பூமியில்தான் வேலி போட்டார்கள். இரண்டு வலியையும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை.

*

சிக்கந்தர் பாக்கில் அன்று இருந்த இன்னொருவர் லெப்டினன்ட் ராபர்ட்ஸ். பின்னால் லார்ட் ராபர்ட்ஸ். 1881 முதல் மெட்ராஸ் படைக்கும், 1885 முதல் இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதி. 'போர்க்குணச் சாதிகள்' என்கிற கொள்கையை ஊன்றியவர்களில் முக்கியமானவர். சீக்கியர், கூர்க்கா, ஸ்காட்லாந்து ஹைலாண்டர் எல்லாம் பிறவி வீரர்களாம், தெற்கத்தியான் லாயக்கில்லையாம். மெட்ராஸ் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பறையர்கள் ஏராளமாக இருந்த படை அது. 1892-இல் மகர்களைச் சேர்ப்பது நின்றது. 1818 ஜனவரி 1-இல் கோரேகானில் கம்பெனிக்காக நின்று செத்த மகர்களின் பெயர் தூணில் இருக்க, அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் 1927-இல் அந்தத் தூணின் முன்னால் போய் நின்றதற்கு அர்த்தம் உண்டு. அது வெள்ளைக்காரனுக்கு நன்றி சொல்வதற்கு அல்ல. எங்கள் வீரத்துக்கு நாங்களே கணக்கு வைத்துக்கொள்வோம் என்று சொல்வதற்கு.

எங்க தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா போய் வந்தவர். தகரப் பெட்டியில் மெடல் இருந்துச்சு. பட்டாளத்துக்காரர்னு தெருவுல எல்லாருக்கும் மரியாதை. ஊருக்குள்ள டீக்கடைக்குப் போனா தனிக் கிளாஸ்தான். "துப்பாக்கியைக் கொடுத்தான், அதைத் திருப்பி வாங்கிக்கிட்டான்டா"ன்னு ஒரு தடவை சொன்னார். வேற எதுவும் சொன்னதில்லை.

93-ஆவது ரெஜிமெண்ட் 1881-இல் 91-ஆவதோடு இணைந்து ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஹைலாண்டர்ஸ் ஆனது. 2006-இல் ஸ்காட்லாந்து ராயல் ரெஜிமெண்டில் ஒரு பட்டாலியனாகக் கரைக்கப்பட்டது. 2012-இல் அறிவித்த ஆட்குறைப்பில் அதுவும் ஒரே ஒரு கம்பெனியாகச் சுருங்கியது. அதற்குப் பாலக்லாவா என்று பெயர் வைத்தார்கள். ஸ்ட்ராத்னேவர் என்று வைக்கவில்லை.

அந்த ரெஜிமெண்டின் சின்னத்தில் இரண்டு வாசகம். ஒன்று 'மறவாதே', அது ஆர்கைல் பிரபு வீட்டுடையது. இன்னொன்று 'பயமின்றி', அது சதர்லண்ட் சீமாட்டி வீட்டுடையது. கூரையைக் கொளுத்தினவன் வீட்டு வாசகத்தைத் தொப்பியில் குத்திக்கொண்டு செத்தான் சிப்பாய். பணம் மேசை மேல் கிடக்க, டியூக்கைப் பார்த்து ஆடுகளைக் கூப்பிடு என்று சொன்ன கிழவருக்குத் தொப்பியும் இல்லை, சின்னமும் இல்லை. மறக்காதவரும் பயப்படாதவரும் அவர்தான்.