உருளையும் சர்க்கரைவள்ளியும்: இரு கிழங்குகளின் உறவு

உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இரண்டுமே மண்ணுக்கடியில் மாவுச்சத்தைச் சேர்த்துவைப்பவை. சமையலறையில் இவற்றுக்கு ஒரே கூடைதான். தாவர உடலமைப்போ இவற்றை உடனே பிரித்துவிடுகிறது: முன்னது தண்டு, பின்னது வேர்.

உருளையின் கண்களைக் கவனிப்போம். ஒவ்வொரு கண்ணும் ஒரு கணு. அதன் விளிம்பில் புருவம்போல் வளைந்திருப்பது உதிர்ந்த செதிலிலையின் தழும்பு. குழிக்குள் உறங்குபவை அந்த இலைக்கோணத்து மொட்டுகள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குண்டூசியைக் குத்தி நூலால் இணைத்தால், கிழங்கைச் சுற்றி ஒரு திருகுவழி தென்படும். கிளையில் இலைகள் அமைவதும் இதே ஒழுங்கில்தான். செடியோடு ஒட்டியிருந்த முனையில் கண்கள் விலகி நிற்கின்றன. மறுமுனையில் நெருங்குகின்றன, நுனிமொட்டு அங்கே இருப்பதால். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாவதும் அது தண்டு என்பதற்குப் பொருந்துகிறது.

சர்க்கரைவள்ளியில் இந்த ஒழுங்கைத் தேடினால் கிடைக்காது. கணு இல்லை, செதிலிலையும் இல்லை. மெல்லிய பக்கவேர்கள் மட்டும் ஒட்டியிருக்கும். கொடியின் கணுக்களில் கிளம்பும் வேற்றிட வேர்களுள் சிலவே பருத்துக் கிழங்காகின்றன. வெட்டிய இடத்தில் பால் கசியும். ஆனால் வேர் துளிர்விடாது என்ற பள்ளிப் பாடத்தை இக்கிழங்கு மதிப்பதில்லை. கொடியோடு ஒட்டியிருந்த முனையில் புதிதாக மொட்டுகளை உண்டாக்கிக்கொண்டு முளைக்கிறது. உருளை முன்பே வைத்திருந்த மொட்டிலிருந்து தளிர்விட, சர்க்கரைவள்ளி இல்லாத மொட்டைப் படைத்துத் தளிர்விடுகிறது.

உழவர்களின் நடவுமுறையும் இந்த வேறுபாட்டை ஒட்டியே அமைந்திருக்கிறது. உருளையின் விதைக்கிழங்கை நறுக்கினால் துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்கவேண்டும். சர்க்கரைவள்ளிக்குக் கிழங்கைவிடக் கொடித்துண்டுகளே வழக்கம். கணு மண்ணில் பதிந்தால் போதும்.

இவ்வளவு விலகி நிற்பவற்றைப் பூக்கள் நெருக்கமாக்குகின்றன. உருளையின் பூ கத்தரிப்பூவைப் போல விண்மீன் வடிவானது. சர்க்கரைவள்ளியின் பூவோ நெய்வேலிக் காட்டாமணக்கின் பூவைப் போன்ற புனல். வடிவம் வேறாயினும் அமைப்புத் திட்டம் ஒன்றே: இணைந்த ஐந்து இதழ்கள், அவற்றில் ஒட்டிய ஐந்து மகரந்தத்தாள்கள், மேல்மட்டச் சூற்பை. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஐந்து மகரந்தத்தாள், ஒற்றைச் சூல்தண்டு என்ற கணக்கில் இரண்டையும் ஒரே பிரிவில் சேர்த்தார். அதற்காக அவரை வியக்கவேண்டியதில்லை என்பது என் எண்ணம். காப்பியும் திராட்சையும்கூட அவருடைய அதே பிரிவில்தான் இருந்தன. பல பண்புகளைச் சேர்த்து எடைபோட்ட தாவரவியலாளர்கள் பெந்தமும் ஹூக்கரும் உருளையின் சொலானேசி, சர்க்கரைவள்ளியின் கான்வால்வுலேசி ஆகிய இரு குடும்பங்களையும் ஒரே துறையில் வைத்ததற்கு மதிப்பு அதிகம். மரபணு வரிசைகளைக் கொண்டு 1998-இல் வெளியான ஏபிஜி (பூக்கும் தாவர இனவழிக் குழு) வகைப்பாட்டிலும் இரண்டும் சொலானேல்ஸ் துறையில் சேர்ந்தே இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த சான்று தண்டின் குறுக்குவெட்டில் இருக்கிறது. பெரும்பாலான இருவித்திலைத் தாவரங்களின் தண்டில் உணவைக் கடத்தும் ஃபுளோயம், நீரைக் கடத்தும் சைலத்துக்கு வெளிப்புறம் மட்டுமே அமையும். உருளைச் செடியின் தண்டிலும் சர்க்கரைவள்ளிக் கொடியிலும் அது உட்புறத்திலும் காணப்படுகிறது. கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும் கிழங்கு மறைத்த உறவை நுண்ணோக்கி காட்டிவிடுகிறது.

கிழங்கு ஏன் குடும்ப அடையாளமாகவில்லை? உருளையின் பேரினத்தைச் சேர்ந்த கத்தரியும் மணத்தக்காளியும் கிழங்கு வைப்பதில்லை. சர்க்கரைவள்ளியின் பேரினத்தைச் சேர்ந்த வள்ளைக்கீரையும் வைப்பதில்லை. சேமிக்கும் தேவைக்கு ஒன்று தண்டையும் மற்றொன்று வேரையும் தனித்தனியே பயன்படுத்திக்கொண்டன என்று கொள்வதே பொருத்தம். இரண்டையும் ஒரே குடும்பமாக்காமல் துறையோடு நிறுத்தியதற்குக் கனியும் ஒரு காரணம். உருளையின் காய் சிறு பச்சைத் தக்காளியைப் போன்ற சதைக்கனி; உள்ளே ஏராளமான விதைகள், நச்சுத்தன்மை கொண்டது. சர்க்கரைவள்ளியின் கனி உலர்ந்து வெடிக்கும். அதில் பெரும்பாலும் நான்கு விதைகளுக்கு மேல் இருப்பதில்லை.