கிளைடருக்குள் ஒரு ஃபிளாஸ்க்

எஞ்சின் இல்லாத கிளைடர் உயரே போக, மேலெழும் காற்று வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது. சீராக ஏறும்போது உடம்புக்கும் எதுவும் தெரியாது. உயரமானியின் முள் அசைவதற்குள் அந்தக் காற்றைத் தாண்டிப் போயிருப்பார்கள். தரைக்கு அருகே ஒரு மீட்டர் ஏறினால் குறையும் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல்தான்; மொத்த அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கல்!

1928-ல் ஜெர்மனியில் அலெக்சாண்டர் லிப்பிஷ் சொன்ன யோசனைப்படி, ஆஸ்திரிய விமானி ராபர்ட் குரோன்ஃபெல்ட் தன் கிளைடரில் வேரியோமீட்டரைப் பொருத்தினார். பலூன்காரர்களுக்கு அது பழைய கருவிதான். ஃபிளாஸ்க் போன்ற குடுவையில் காற்று. வெளியே போக மெல்லிய குழாய். கிளைடர் ஏறினால் வெளியழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் காற்று கசியும். அந்தக் கசிவின் வேகத்தை முள் காட்டும்.

போட்டியாளர்களிடம் குரோன்ஃபெல்ட் மூச்சு விடவில்லை. 1929-ல் கிளைடரில் முதன்முதலாக 100 கி.மீ. தாண்டியவரும் அவரே (அதில் மலைச்சரிவுக் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு). ஆனால் ரகசியம் நெடுநாள் நிற்கவில்லை. 1930-களில் மற்றவர்களும் அதைப் பொருத்திக்கொண்டார்கள்.