ராவல்பிண்டிக்கு வந்த கடுகு வாயு

சூரமங்கலத்துப் பழைய வீடுகளின் பரணில் இன்னும் தகர ட்ரங்குப் பெட்டிகள் கிடக்கின்றன. சேலம் ஜங்ஷன் இங்கேதான் இருக்கிறது. பட்டாளத்துக்குப் போனவர்கள் இங்கே ரயில் ஏறினார்கள், பிழைத்தவர்கள் இங்கேயே வந்து இறங்கினார்கள். எங்கள் தெருவில் ஒரு பெட்டியைத் திறந்தபோது, ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஒரு டிஸ்சார்ஜ் புக் கிடைத்தது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, நன்னடத்தை எல்லாம் மசியில் எழுதியிருந்தது. உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு வரி இல்லை. அப்போதுதான் ராவல்பிண்டியில் இந்தியச் சிப்பாய்கள்மீது நடந்த கடுகு வாயுச் சோதனை நினைவுக்கு வந்தது.

கடுகு வாயு என்பது பேர்தான். உண்மையில் அது எண்ணெய் போன்ற திரவம். கடுகு, பூண்டு நெடி அடிக்கும். 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியர் அதை முதன்முதலாக வீசினார்கள். பட்டவுடன் வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் தோல் சிவந்து கொப்புளம் கிளம்பும், கண் வீங்கி மூடிக்கொள்ளும். நுரையீரலுக்குள் போனதோ பல வருஷம் கழித்து ஓயாத இருமலாக, புற்றுநோயாக வெளிவரும். நோய்க்கு இழப்பீடு கேட்பதில் முடிச்சே இந்தத் தாமதம்தான். நோய் வரும்போது உடம்பில் யூனிஃபார்ம் இருக்காது. பீடி பிடிப்பாயா என்றுதான் டாக்டர் கேட்பார்.

1930களின் தொடக்கத்தில் அது இந்தியச் சிப்பாய்களின் தோலுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் ராவல்பிண்டியில் தங்கி, பத்து வருஷத்துக்கு மேல் நூற்றுக்கணக்கானவர்கள்மீது அதைச் சோதித்தார்கள். இந்தியத் தோல் வெள்ளைக்காரத் தோலைவிட அதிகமாக வேகுமா என்று பார்க்க வேண்டுமாம்! அரைக்கால் சட்டையும் மெல்லிய பருத்திச் சட்டையும் போட்டவர்களைக்கூட வாயு அறைக்குள் அனுப்பினார்கள். கடுமையாக வெந்தவர்கள் மனம் சோர்ந்து வேதனையில் கிடந்ததை 1942இல் அவர்களே அறிக்கையில் எழுதி வைத்தார்கள். பிறகு அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் தொடர்ந்து போய்ப் பார்க்கவில்லை. 2007 செப்டம்பரில், பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்துக் காகிதங்களைப் புரட்டி கார்டியன் நாளிதழ் எழுதியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர் காலத்தில் இப்படிச் சோதனைக்கு உள்ளான படையினர் சுமார் 60,000 பேர். 1990களில் அங்கே விதி மாறியது. முழு உடம்பிலும் வாயு பட்டதற்குச் சான்று இருந்தால், குறிப்பிட்ட சில நோய்களுக்குக் காரணம் அதுவே என்று ஏற்று உதவித்தொகை தர வேண்டும். பிரிட்டன் 2008இல் போர்ட்டன் டவுன் சோதனைக்குள்ளான தன் படைவீரர் 360 பேருக்கு 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. ராவல்பிண்டிச் சிப்பாய்கள் அதில் இல்லை.

நம் சட்டத்திலும் ஈரம் இருக்கிறது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: படையில் சேரும்போது பதிவில் இல்லாத நோயால் ஒருவர் வெளியேற்றப்பட்டால், அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும்; இல்லையென்று காட்டுவது அரசின் பொறுப்பு. நல்ல தீர்ப்பு. ஆனால் அதுவும் பதிவேட்டில்தான் நிற்கிறது. பதிவே இல்லாத வாயு அறைக்கு என்ன செய்வது?

சுதந்திர இந்தியாவும் இதே நஞ்சைத் தயாரித்து வைத்திருந்தது. 1997இல் சர்வதேச ஒப்பந்தப்படி அதை அறிவித்தது. சர்வதேச ஆய்வாளர்கள் கண்காணிக்க, 1,000 டன்னுக்கு மேற்பட்ட இருப்பு முழுவதும் 2009க்குள் அழிக்கப்பட்டது. நஞ்சுக்கு இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் பார்க்க முடிந்தது. அது பட்ட மனிதருக்கு மட்டும் ஏன் முடியாமல் போனது?

சோதனைக்குள்ளானவர்களின் பெயர்களை டெல்லி லண்டனிடம் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பரணிலும் தாத்தாவின் பெட்டி இருக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் திறந்து பாருங்கள். ராவல்பிண்டி என்றோ, வாயு என்றோ ஒரு சொல் தென்பட்டால் நகல் எடுத்துவைத்துக்கொண்டு, சேலம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.