இன்டெல் கணினியில் ஏஎம்டி பெயர் ஏன்?

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களைத் தரவிறக்கப் போகிறவர்கள் 64 பிட் கோப்பின் பெயரில் 'ஏஎம்டி64' என்று இருப்பதைப் பார்த்துத் தயங்குவதுண்டு. நம்முடையது இன்டெல் செயலி ஆயிற்றே! தயங்க வேண்டாம், இன்டெல்லுக்கும் அதே கோப்புதான். போட்டியாளரின் பெயர் அங்கே வந்து உட்கார்ந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது.

1978ல் இன்டெல் வெளியிட்ட 8086 ஒரு 16 பிட் செயலி. பின்னால் வந்த 80286, 80386, 80486 எல்லாமே 86 என்று முடிந்ததால் அந்தக் குடும்பத்துக்கு எக்ஸ்86 என்ற பெயர் நிலைத்தது. 1981ல் பிசியை வெளியிட்ட ஐபிஎம், சில்லுக்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பவில்லை. அதனால் 1982ல் ஒப்பந்தம் போட்டு, இன்டெல்லின் வடிவமைப்பிலேயே சில்லு தயாரிக்க ஆரம்பித்தது ஏஎம்டி. 386 வந்தபோது உறவு கசந்து நீதிமன்றம் வரை போனது. '386' என்ற எண்ணை வணிகச் சின்னமாக்க முடியாது என்று 1991ல் தீர்ப்பு வர, 1993ல் வந்த அடுத்த செயலி 586 ஆகாமல் பென்டியம் ஆனது. (கிரேக்கத்தில் பென்டா என்றால் ஐந்து.)

அடுத்த பிரச்சினை நினைவகம். 32 பிட் முகவரியால் 4 ஜிபி வரைதான் சுட்ட முடியும். சர்வர்களுக்கு அது போதவில்லை. இன்டெல், ஹெச்பியுடன் சேர்ந்து ஐஏ-64 என்ற புத்தம் புதிய கட்டளைத் தொகுதியை உருவாக்கி, 2001ல் இட்டேனியம் செயலியாக வெளியிட்டது. உலகம் அதற்கு மாறியிருந்தால் ஏஎம்டியின் கதை முடிந்திருக்கும், ஏனென்றால் எக்ஸ்86க்கு இருந்த உரிமம் இதற்குக் கிடையாது. ஆனால் பழைய எக்ஸ்86 மென்பொருட்கள் இட்டேனியத்தில் ஆமை வேகத்தில்தான் ஓடின.

ஏஎம்டி வேறு வழியில் போனது. பழைய கட்டளைகளை அப்படியே வைத்துக்கொண்டு, பதிவகங்களை 64 பிட்டாக அகலமாக்கி, எட்டாக இருந்த பொதுப் பதிவகங்களைப் பதினாறாக்கியது. 2003ல் வந்த ஆப்டரான் செயலியில் பழைய 32 பிட் நிரல்களும் முழு வேகத்தில் ஓடின. வாடிக்கையாளர்களுக்கு வேறென்ன வேண்டும்?

2004ல் இன்டெல்லும் அதே கட்டளைகளைத் தன் செயலிகளில் சேர்த்தது. ஆனால் போட்டியாளர் பெயரைச் சொல்ல மனம் வருமா? முதலில் இஎம்64டி என்றது, 2006ல் இன்டெல் 64 என்று மாற்றிக்கொண்டது. மைக்ரோசாப்ட் பொதுவாக எக்ஸ்64 என்றது. ஆனாலும் இன்டெல் கணினியின் விண்டோஸ் கட்டளைத் திரையில் செயலிக் கட்டமைப்பின் பெயரைக் கேட்டால் ஏஎம்டி64 என்றுதான் பதில் வரும்!

இட்டேனியம் விற்பனை 2021ல் நின்றது. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் கெர்னல் 6.7ல் இருந்து ஐஏ-64க்கான நிரல்களும் நீக்கப்பட்டன.