கனா: இரவல் பெயர் கொண்ட எழுத்து

வாத்தியார் இல்லாமல் ஜப்பானிய மொழி படிக்க உட்காருகிறவருக்கு முதல் வாரமே அறிமுகமாகிற சொல் 'கனா'. ஹிராகனா, கதகனா என்று இரண்டு உண்டு. இரண்டிலும் இன்று புழங்கும் அடிப்படை எழுத்து 46. நமக்குக் கனா என்றால் கனவு. கானா என்று நீட்டினால் சென்னைப் பாட்டு. ஜப்பானியருக்கு அது 'இரவல் பெயர்'.

'கரி' என்பது தற்காலிகமானது, இரவல். 'ந' என்பது பெயர். பழைய வழக்கில் எழுத்தையும் குறிக்கும். 'கரின' இறுகி 'கன்ன' ஆகி, பிறகு 'கன' ஆயிற்று. கடைசி உயிரை நீட்டிக் கனா என்பது நம் பழக்கம். அந்த 'ந'வுக்கும் நம் 'நாம'த்துக்கும் முடிச்சுப் போடக் கை துறுதுறுக்கும். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடக் கூடாது.

ஏன் இரவல்? எதிர்ப்பக்கத்தில் 'மன' என்று ஒரு சொல் இருந்தது: மெய்ப்பெயர். சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துக்குத்தான் அந்த மரியாதை. 8ஆம் நூற்றாண்டில் தொகுத்த மன்யோஷூ பாடல்களில், பல இடங்களில் கன்ஜியின் பொருளை உதறிவிட்டு ஒலியை மட்டும் கடன் வாங்கினார்கள். அந்தக் கடன் எழுத்து வேகமாக எழுத எழுதத் தேய்ந்து ஹிராகனா ஆனது. பௌத்த நூல்களின் வரிகளுக்கிடையே குறிப்பெழுதிய துறவிகள் எழுத்தில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அது கதகனா. 'கத' என்றால் ஒரு பக்கம், முழுமையில்லாதது. 'க' ஒலிக்குரிய சீன எழுத்தின் இடப்பாதிதான் கதகனாவின் 'க'.

இந்த இரவல் பெயர்களில் ஹிராகனாவுக்குப் 'பெண் கை' என்றும் பெயர் உண்டு. தோசா மாகாண ஆளுநராக இருந்த கி நோ ட்சுராயுகி, 935 வாக்கில், தலைநகர் திரும்பிய பயணத்தை ஒரு பெண் எழுதுவதுபோலக் கனாவில் எழுதினார். முரசாகி ஷிகிபு என்ற பெண்மணி கெஞ்ஜியின் கதையை எழுதியதும் கனாவில்தான். மெய்ப்பெயரில் எழுதிய எத்தனையோ பேரை இன்று யார் தேடுகிறார்கள்?

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கனா அட்டவணையை எழுதிப் பார்த்தபோது எனக்குத் திகைப்பு. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் பாலபாடம்! ஹெய்யான் காலத்துத் துறவிகள் மந்திரங்களுக்காக வடமொழி எழுத்து படித்தார்கள். அந்த இந்திய வரிசை அங்கே தங்கிவிட்டது. ஒரே ஒரு இடறல்: நவுக்கும் மவுக்கும் நடுவில் ப அல்லவா நிற்க வேண்டும்? ஹ எப்படி வந்தது?

அங்கே முன்பு ப ஒலிதான் இருந்தது. உதடு தளர்ந்து அது ஃப ஆகி, பிறகு ஹ ஆயிற்று. அம்மாவுக்கு இன்று 'ஹஹ', அப்பாவுக்கு 'சிசி'. அம்மாவைச் சொன்னால் உதடுகள் இருமுறை சந்திக்கும், அப்பாவைச் சொன்னால் சந்திக்காது என்னும் கருத்தில் 16ஆம் நூற்றாண்டு விடுகதை ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அது 'ஃபஃப'வாக ஒலித்ததற்கு அதுவே சாட்சி. இன்றும் ஹ எழுத்தின் தோளில் சிறு வட்டம் போட்டால் ப.

தனியாகப் படிக்கிறவனுக்குப் பெரிய உபகாரம் செய்வது இந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை, ஃபுரிகனா. கன்ஜியின் தலைமேலோ பக்கத்திலோ பொடி எழுத்தில் அதன் உச்சரிப்பைச் சொல்வது. சிறுவர் மங்கா (படக்கதை) இதழ்களில் இது கூடவே வரும். அகராதியில் எந்தச் சொல்லைத் தேடுவது என்று தெரிந்துவிடும். நான் முதல் சில மாதங்களை ரோமன் எழுத்தில் வீணடித்துவிட்டு, மங்காவைப் பிடித்த பிறகே நகர்ந்தேன். ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜேஎல்பிடி தேர்வின் ஐந்து படிகளில் நடுப்படியான என்3-ஐ எட்டும்போது பெரியவர்களுக்கான பக்கங்கள் எதிர்ப்படும். பொடி எழுத்து அங்கே அரிது. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு பட்டியலிட்ட கன்ஜி 2,136. ஃபுரிகனா என்னும் ஊன்றுகோலை அங்கேதான் கீழே வைக்கப் பழக வேண்டும், அதற்கு முன்னால் அல்ல.

ரோமன் எழுத்தில் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். இரண்டு கனாவுக்கும் நாளுக்கு அரைமணியாக இரண்டு மூன்று வாரம் போதும். ஹ வரிசையை மட்டும் ப வரிசை என்று நினைத்து மனப்பாடம் செய்யுங்கள்.